டாப் கியரில் "உய்ங்" சத்தம்: இன்ஜினைப் பிரிக்கத்தான் வேண்டுமா?

பின்னிருக்கை

வணக்கம். ஒற்றை சிலிண்டர், ஏர் கூல்டு, 150 சிசி வண்டி. ஐந்து கியர், ஆயிலில் நனையும் கிளட்ச். கொஞ்ச நாளாக ஐந்தாவது கியரில் 4000 ஆர்பிஎம் பக்கம் போகும்போது "உய்ங்ங்" என்று ஒரு சத்தம் கூடவே வருகிறது. ஆக்சிலேட்டரை விட்டால் கொஞ்சம் தணிகிறது, ஆனால் போவதில்லை. முதல் இரண்டு கியரில் கேட்கவில்லை. கியர் விழுவதில் சிக்கல் இல்லை, பிக்கப் குறையவில்லை, ஆயிலும் நேரத்துக்கு மாற்றியதுதான்.

பட்டறையில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, "ஐந்தாவது கியர் போச்சு, இன்ஜினைப் பிரித்து செட்டாக மாற்றணும்" என்கிறார்கள். பிரிக்காமலே உறுதிப்படுத்த ஏதாவது வழி உண்டா? கடைசியாகச் செய்த வேலை செயின் செட் மாற்றியது. அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்காது என்று நினைக்கிறேன்.

கெட்டிஆயில்

இன்னும் கெட்டியான ஆயில் போட்டுப் பாருங்கள். இப்போது 10டபிள்யூ-30 ஓடுகிறதென்றால் 20டபிள்யூ-50. என் வண்டியில் பாதி சத்தம் அடங்கிவிட்டது. பிரிக்கிற வேலையெல்லாம் அப்புறம்.

பல்சக்கரம்

ஆயிலுக்கு அப்புறம் வருவோம். முதலில் இது எந்த வகைச் சத்தம் என்று பிரித்துக்கொள்ளலாம். எல்லாவற்றுக்கும் "கியர் சத்தம்" என்று ஒரே பேர் வைத்துவிடுவதால்தான் பல இன்ஜின்கள் காரணமில்லாமல் மேசைக்கு வருகின்றன.

சுருதி பிடித்ததுபோல ஏறி இறங்கும் "உய்ங்", பற்கள் ஒன்றையொன்று தொட்டு விலகுவதிலிருந்து வருவது. இரண்டு கியர்கள் கோத்துச் சுற்றும்போது ஒரு கணம் ஒரு ஜோடிப் பல் சுமை தாங்கும், அடுத்த கணம் இரண்டு ஜோடி தாங்கும். ஒரே ஜோடி தாங்கும்போது பல் கூடுதலாக வளைகிறது, இரண்டு தாங்கும்போது குறைவாக. வளைவது மைக்ரான் கணக்கில்தான். ஆனால் அது வினாடிக்கு நூற்றுக்கணக்கான முறை நடக்கிறது. ஷாஃப்ட், பேரிங், கிராங்க்கேஸ் வழியாக வெளியே வந்து நம் காதில் விழுகிறது. புத்தம்புதுக் கியரிலும் இது உண்டு. சுமை ஏறினால் கூடும். இதை முழுக்க ஒழிக்க முடியாது.

"கட கட", "சல சல" வேறு. சுமையில்லாமல் சும்மா சுற்றும் கியர்கள் பல்லிடுக்கில் முன்னும் பின்னும் அடித்துக்கொள்வது அது. ஐட்லிங்கில் அதிகம், ஆர்பிஎம் ஏறினால் அடங்கும். "கர கர" என்றால் பேரிங்கைச் சந்தேகப்படலாம். எண்ணிவிடலாம் என்கிற அளவுக்கு மெதுவாக, வண்டி வேகத்தோடு சேர்ந்து "டக்... டக்..." என்று வந்தால் செயினில் இறுகிப்போன கண்ணி. உடைந்த பல் ஷாஃப்ட்டின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை தட்டும், அதனால் மெதுவாக உருட்டினால்தான் தனித்தனியாகக் கேட்கும்.

உங்களுடையது முதல் வகை. ஆனால் "ஐந்தாவதில் மட்டும்" என்பதை நான் அப்படியே ஏற்க மாட்டேன். அந்த வேகத்தில் நீங்கள் போவதே ஐந்தாவதில்தானே? முதல் இரண்டு கியரில் சாதாரணமாக அந்த வேகத்துக்குப் போக மாட்டோம். சத்தம் கியரைச் சார்ந்ததா, ஆர்பிஎம்மைச் சார்ந்ததா, வண்டி வேகத்தைச் சார்ந்ததா என்பது இன்னும் தெரியவில்லை.

ஆளில்லாத நேரான சாலையில், ஐந்தாவதில் சத்தம் நன்றாகக் கேட்கும் வேகத்தைப் பிடியுங்கள். அதே வேகத்தில் நான்காவதுக்கு இறங்குங்கள், பிறகு மூன்றாவது. ஸ்பீடோமீட்டர் முள் அசையக்கூடாது, ஆர்பிஎம் மட்டும் மாற வேண்டும். சுருதி ஆர்பிஎம்மோடு ஏறினால் கிராங்க், பிரைமரி கியர் (கிராங்க்கின் சுழற்சியைக் கிளட்சுக்குக் கடத்தும் ஜோடி), கிளட்ச் ஷாஃப்ட் பக்கம் தேடலாம். சுருதி அசையாமல் நின்றால் ஸ்ப்ராக்கெட் ஷாஃப்ட், செயின், பின்சக்கரம். நான்காவது விழுந்ததும் சத்தமே காணாமல் போனால் மட்டும்தான் பட்டறையில் சொன்னது சரி.

கடைசியாக, அதே வேகத்தில் கிளட்சைப் பிடித்து நியூட்ரலுக்கு வந்து வண்டியை உருளவிட்டுக் கேளுங்கள். இன்ஜின் ஐட்லிங்கில் ஓடட்டும், ஓடும் வண்டியில் சாவியைத் தொட வேண்டாம்.

(நான் கிளட்ச் ஷாஃப்ட் என்று சொல்வது கிளட்ச் உட்காரும் ஷாஃப்ட்டை, ஸ்ப்ராக்கெட் ஷாஃப்ட் என்பது முன் ஸ்ப்ராக்கெட் உட்காரும் ஷாஃப்ட். மெயின், கவுண்டர், லே என்று ஆளாளுக்கு ஒரு பேர் சொல்லிக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

கரிச்சட்டை

பல்சக்கரம் சொன்ன கடைசிச் சோதனையில் ஒரு விஷயம் சேர்த்துக்கொள்ளுங்கள் தம்பி. நம் வண்டிகளில் எல்லா கியர் ஜோடியும் எப்போதும் கோத்தபடியேதான் இருக்கும். நியூட்ரலில் உருளும்போதும் சக்கரம் செயினை இழுக்கும், செயின் ஸ்ப்ராக்கெட் ஷாஃப்ட்டைச் சுற்றும், அதில் நிலையாகக் கோத்திருக்கும் கியர்களும் சேர்ந்து சுற்றும். அதனால் நியூட்ரலில் சத்தம் கேட்டால் கியர்பாக்ஸ் முழுக்க நிரபராதி என்று விட்டுவிட முடியாது. ஆனால் சுமை இல்லாததால் கியர் பல் சத்தம் அங்கே ரொம்பக் குறைந்துவிடும். அப்போதும் உரக்கக் கேட்டால் செயினோ பேரிங்கோதான்.

பின்னிருக்கை

காலையில் ஓட்டிப் பார்த்தேன். ஐந்து, நான்கு, மூன்று எல்லாவற்றிலும் அதே வேகத்தில் சத்தம் இருக்கிறது. சுருதி மாறவில்லை என்றுதான் தோன்றுகிறது, ஆனால் மூன்றாவதில் இன்ஜின் சத்தமே அதிகமாக இருப்பதால் அடித்துச் சொல்ல முடியவில்லை. நியூட்ரலில் உருளும்போது குறைகிறது, ஆனால் இருக்கிறது. பின்னால் ஆள் உட்கார்ந்தால் கூடுதலாகக் கேட்கிறது என்பதையும் இப்போதுதான் கவனித்தேன்.

அலைவரிசை

காதுக்குச் சந்தேகம் வரும் இடத்தில் கணக்குக்கு வராது. சர்வீஸ் கையேட்டில் பற்களின் எண்ணிக்கை இருக்கும். பிரைமரி, நான்காவது, ஐந்தாவது, முன் ஸ்ப்ராக்கெட், இவ்வளவும் எழுதுங்கள்.

பின்னிருக்கை

பிரைமரி 21 / 65. நான்காவது 24 / 27. ஐந்தாவது 26 / 25. முன் ஸ்ப்ராக்கெட் 15. முதலில் வருவது ஓட்டும் கியர், அடுத்தது ஓட்டப்படும் கியர்.

அலைவரிசை

நன்றி. சூத்திரம் ஒன்றுதான்: ஷாஃப்ட் வினாடிக்கு எத்தனை சுற்று சுற்றுகிறதோ, அதைப் பல் எண்ணிக்கையால் பெருக்கினால் அந்த ஜோடி எழுப்பும் சத்தத்தின் அதிர்வெண்.

ஐந்தாவது கியர், 4000 ஆர்பிஎம். கிராங்க் வினாடிக்கு 66.7 சுற்று. பிரைமரி கியர் சத்தம் 66.7 × 21, அதாவது 1400 ஹெர்ட்ஸ். கிளட்ச் ஷாஃப்ட் வேகம் 1400 / 65 = 21.5 சுற்று. அதில் ஐந்தாவது கியரின் 26 பல், ஆக 560 ஹெர்ட்ஸ். ஸ்ப்ராக்கெட் ஷாஃப்ட் 560 / 25 = 22.4 சுற்று. முன் ஸ்ப்ராக்கெட்டின் 15 பல்லில் செயின் விழும் சத்தம் 336 ஹெர்ட்ஸ்.

இப்போது வேகம் மாறாமல் நான்காவதுக்கு இறங்கினால் ஆர்பிஎம் 4680க்கு ஏறும். பிரைமரி 1638க்குப் போகும், நான்காவது கியர் ஜோடி சுமார் 605இல் பாடும், செயின் மட்டும் அதே 336இல் நிற்கும். மூன்று இடமும் ஒன்றுக்கொன்று தூரமாக இருப்பதால் குழப்பத்துக்கே வழியில்லை.

கைப்பேசியில் ஒலியின் அதிர்வெண் வரைபடம் காட்டும் செயலி ஏதாவது ஒன்றை இறக்கிக்கொள்ளுங்கள். கைப்பேசியைக் காற்றுப் படாமல் சட்டைக்குள் அல்லது டேங்க் பையில் வைத்துப் பதிவு செய்யுங்கள். ஓட்டும்போது திரையைப் பார்க்க வேண்டாம், வீட்டுக்கு வந்து பார்த்தால் போதும். எண் அச்சு அசலாக ஒத்துப்போகாது, டாக்கோமீட்டர் கொஞ்சம் கூட்டிக் காட்டலாம். எந்த மேடு எதன் அருகில் இருக்கிறது என்பதுதான் விஷயம். அதன் இரண்டு மடங்கில் இன்னொரு சின்ன மேடு தெரிந்தால் பயப்பட வேண்டாம், அது அதே சத்தத்தின் மடங்கு.

இன்னொன்று. பிரதான மேட்டின் இரு பக்கமும் சம இடைவெளியில் சின்னச் சின்ன மேடுகள் வரிசையாக நின்றால் அந்த இடைவெளியை அளங்கள். 22 ஹெர்ட்ஸ் இடைவெளி என்றால் ஸ்ப்ராக்கெட் ஷாஃப்ட்டில் ஏதோ கோணலாகச் சுற்றுகிறது. சத்தம் ஒரு சுற்றுக்கு ஒருமுறை ஏறி இறங்குவதுதான் அப்படித் தெரியும்.

நியூட்ரல்

இழைக்குள் நுழைவதற்கு மன்னிக்கவும், என் பிரச்சினையும் கியர் சத்தம்தான். 250 சிசி இரட்டை சிலிண்டர், கார்புரேட்டர் வண்டி. நியூட்ரலில் நிற்கும்போது வலது பக்கம் "கட கட கட". கிளட்சைப் பிடித்தால் சட்டென்று நின்றுவிடுகிறது. ஓட்டும்போது ஒன்றும் இல்லை. இதுவும் செயினாக இருக்குமா?

கரிச்சட்டை

நிற்கும் வண்டியில் செயின் எப்படிங்க சத்தம் போடும். உங்களுடையது வேறு கதை.

கிளட்சைப் பிடித்தாலும் பாஸ்கெட் (கிளட்ச் பிளேட்டுகள் உட்காரும் வெளிக்கூடு) நிற்காது, அது பிரைமரி கியரோடு ஒட்டிப் பிறந்தது, கிராங்க் சுற்றும்வரை சுற்றும். நிற்பது உள்ளே இருக்கும் ஹப்பும் கிளட்ச் ஷாஃப்ட்டும் அதிலுள்ள கியர்களும். ஆகவே கிளட்ச் பிடித்தால் நிற்கும் சத்தம் இரண்டு இடத்திலிருந்து வரலாம். ஒன்று, சும்மா சுற்றும் கியர்கள் பல்லிடுக்கில் அடித்துக்கொள்வது. இன்னொன்று, பாஸ்கெட்டின் பின்பக்கம் பிரைமரி கியருக்கும் பாஸ்கெட்டுக்கும் நடுவில் இருக்கும் ஸ்பிரிங்குகள் தளர்ந்து ஆடுவது. ஷாஃப்ட்டின் சுமை விலகினால் அந்த ஆட்டமும் குறையும்.

ஐட்லிங்கில் கிராங்க் ஒரே வேகத்தில் சுற்றுவதில்லை. வெடிக்கும்போது முன்னால் பாயும், அமுக்கும்போது பின்வாங்கும். ஆர்பிஎம் குறையக் குறைய இந்த இழுபறி கூடும். இரண்டு சிலிண்டரும் சமமாக இழுக்காவிட்டால் இன்னும் மோசம். அதனால் கவரைக் கழற்றுவதற்கு முன் செய்ய வேண்டியது: ஐட்லிங்கைக் கையேட்டில் உள்ள அளவுக்கு வையுங்கள், இரண்டு கார்புரேட்டரையும் வாக்குவம் கேஜ் போட்டுச் சமன் செய்யுங்கள். பெட்ரோல் மிச்சமாகும் என்று ஐட்லிங்கைக் குறைத்து வைத்துவிட்டு "கிளட்ச் போச்சு" என்று வருகிறவர்கள்தான் அதிகம்.

அதற்கும் அடங்காவிட்டால் கிளட்ச் கவரைத் திறந்து பாஸ்கெட்டை வெளியே எடுங்கள். ஒரு கையில் பின்னால் உள்ள பல்சக்கரத்தைப் பிடித்து, மறு கையால் பாஸ்கெட்டைத் திருகிப் பாருங்கள். ஸ்பிரிங் இறுக்கத்தோடு கொஞ்சம் நகர்ந்தால் சரி. ஸ்பிரிங்குகள் விரலால் தள்ளினாலே ஆடினால், ரிவெட் தளர்ந்திருந்தால், அதுதான் ஆள். பாஸ்கெட்டின் விரல்களில் பிளேட் மோதிய பள்ளம் இருக்கிறதா என்றும் பாருங்கள். கிராங்க்கில் பிரைமரி கியரைப் பிடித்திருக்கும் நட் இறுக்கமாக இருக்கிறதா என்று அப்படியே பார்த்துவிடுங்கள். அது தளர்ந்தால் வரும் சத்தத்தைக் கேட்டு கனெக்டிங் ராட் போச்சு என்று பயந்தவர்கள் உண்டு.

மாறாக, கிளட்சைப் பிடித்த பிறகுதான் சத்தம் ஆரம்பிக்கிறது என்றால் ரிலீஸ் பேரிங் அல்லது பாஸ்கெட்டுக்குள் இருக்கும் புஷ். கிளட்ச் விட்டிருக்கும்போது பாஸ்கெட்டும் ஷாஃப்ட்டும் சேர்ந்தே சுற்றுவதால் புஷ்ஷுக்கு வேலையே இல்லை. பிடித்தால்தான் அது உருள ஆரம்பிக்கும்.

சோக்

டுகாட்டியின் பழைய உலர் கிளட்ச் வண்டிகள் கிளட்ச் பிடித்தால்தானே தகர டப்பா மாதிரி அலறும்?

கரிச்சட்டை

ஆமாம், அங்கே தலைகீழ். அழுத்தம் விலகியதும் பிளேட்டுகள் பாஸ்கெட் விரல்களில் மோதிக்கொண்டு ஆடும், அடக்குவதற்கு ஆயிலும் கிடையாது. அதை ரசிப்பதற்கென்றே திறந்த கவர் போட்டு ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். நமக்கு அந்த ரசனை வேண்டாம்.

சோக்

இன்னொரு சந்தேகம். கார்களில் முன்னோக்கிய கியர்களுக்குச் சாய்வுப் பல் வைக்கிறார்கள், சத்தமே வருவதில்லை. ரிவர்ஸில் நேர்ப்பல் வைத்த கார்களில் அந்த ஊளை கேட்கும். பைக்கில் மட்டும் ஏன் எல்லாமே நேர்ப்பல்?

பல்சக்கரம்

கார் கியர்பாக்ஸில் கியர்கள் இருந்த இடத்திலேயே இருக்கும், நடுவில் உள்ள ஸ்லீவ் மட்டும் நகர்ந்து பூட்டும். பைக்கில் இடம் இல்லாததால் கியரையே ஷாஃப்ட் மேல் நகர்த்துகிறோம்; அதன் பக்கவாட்டில் உள்ள டாக் கட்டைகள் பக்கத்துக் கியரின் ஓட்டையில் போய் மாட்டும். அந்தக் கியர் நகரும்போது தன் ஜோடியோடு கோத்தபடியே நகர வேண்டும். நேர்ப்பல் என்றால் வழுக்கிப் போகும். சாய்வுப் பல் என்றால் திருகாணி மாதிரி சுற்றிக்கொண்டுதான் நகர முடியும். அதுபோக, சாய்வுப் பல் ஷாஃப்ட்டைப் பக்கவாட்டில் தள்ளும். அந்தத் தள்ளலே டாக்கைக் கழற்றிவிடப் பார்க்கும், தாங்குவதற்குத் தனி பேரிங்கும் வேண்டும்.

நகராத இடத்தில் தாராளமாக வைக்கலாம். சில வண்டிகளில் பிரைமரி கியர் சாய்வுப் பல்தான். சில இடங்களில் கியரை இரண்டு தட்டாகப் பிளந்து நடுவில் ஸ்பிரிங் வைத்திருப்பார்கள். இரண்டு தட்டின் பற்களும் எதிரெதிராகத் தள்ளி இடுக்கை அடைத்துக்கொள்ளும். அந்த ஸ்பிரிங் தளர்ந்தாலும், பூட்டும்போது முன்சுமை கொடுக்காமல் பூட்டினாலும், புது இன்ஜினே கடகடக்கும்.

எல்லோரும் சத்தத்தை வெறுப்பதும் இல்லை. ஹோண்டா விஎஃப்ஆர் 750, 800 வண்டிகளில் கேம் ஷாஃப்ட்டைச் செயினுக்குப் பதில் கியர் வரிசைதான் சுற்றியது. அந்த ஊளைக்காகவே அதை வாங்கியவர்கள் உண்டு. 2002இல் வந்த விடெக் மாடலில் செயினுக்கு மாறியபோது சத்தம் போய்விட்டதே என்று புலம்பினார்கள்.

கெட்டிஆயில்

எல்லோரும் என் ஆயிலை ஓரங்கட்டிவிட்டீர்கள். சத்தம் குறைந்தது உண்மை, நான் காதால் கேட்டேன். மாலிப்டினம் கலந்த டானிக் ஒரு பாட்டில் ஊற்றியும் பார்க்கலாம்.

பல்சக்கரம்

குறைந்ததை நான் மறுக்கவில்லை. எது குறைந்தது என்பதுதான் கேள்வி. கெட்டி ஆயில் பல்லிடுக்கில் மெத்தைபோல நிற்கும், அதனால் கடகட அடங்கும். "உய்ங்" என்பது பல் வளைவதால் வருவது, அதில் ஆயில் செய்யக்கூடியது மிகக் கொஞ்சம். தேய்ந்துபோன பேரிங்கின் சத்தத்தைக் கெட்டி ஆயில் சில காலம் மூடி வைக்கும், அதைத்தான் நான் பயப்படுகிறேன். கையேடு அனுமதிக்கும் கிரேடுகளுக்குள், வெயில் காலத்தில் ஒரு படி மேலே போவதில் தப்பில்லை. அதற்கு வெளியே போனால் குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பும்போது தலைக்கு ஆயில் ஏறத் தாமதமாகும், கிளட்ச் பிளேட்டுகள் ஒட்டிக்கொண்டு முதல் கியர் "டங்" என்று விழும்.

ஒரே ஆயில் இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் ஓடும் வண்டியில் இன்னொன்றும் நடக்கிறது. பற்களுக்கு நடுவில் நசுங்கி நசுங்கி, ஆயிலைக் கெட்டியாக வைத்திருக்கும் பாலிமர்கள் அறுந்துபோகும். 20டபிள்யூ-50 என்று ஊற்றியது கொஞ்ச தூரத்திலேயே அதைவிட நீர்த்துவிடும். கியர் முரடாக விழ ஆரம்பிப்பதும் சலசலப்புக் கூடுவதும் பெரும்பாலும் அதன் அறிகுறி. கெட்டியான ஆயிலைவிட நேரத்துக்கு மாற்றிய சரியான ஆயில் நல்லது.

டானிக் வேண்டவே வேண்டாம். நனையும் கிளட்ச் உராய்வை நம்பித்தான் பிடிக்கிறது. அதற்காகத்தான் 1998இல் ஜாசோ டி 903 என்ற ஜப்பானிய பைக் ஆயில் தரம் வந்தது. டப்பாவில் எம்ஏ அல்லது எம்ஏ2 என்று இருக்க வேண்டும். எம்பி என்றால் உராய்வு குறைந்தது, உலர் கிளட்ச் ஸ்கூட்டர்களுக்கு உகந்தது.

அச்சாணி

பிரித்தால்தான் என்ன, கியர் பல்லில் வால்வு கிரைண்டிங் பேஸ்ட் தடவி ஓடவிட்டால் இரண்டும் ஒன்றோடொன்று படிந்துவிடும், சத்தம் போய்விடும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன்.

கரிச்சட்டை

அச்சாணி, தயவுசெய்து யாரும் இதைச் செய்துவிடாதீர்கள். பல்லின் மேல்தோல் மட்டும்தான் கடினப்படுத்தப்பட்டது, உள்ளே மெதுவான எஃகு. பேஸ்ட் அந்தத் தோலையும் பல்லின் வளைவையும் சேர்த்துத் தின்னும். எவ்வளவு கழுவினாலும் பொடி பேரிங்குக்குள் மிஞ்சும், அது இன்ஜின் முழுக்கச் சுற்றும்.

கியர் மாற்றினால் ஜோடியாக மாற்றுங்கள், அவ்வளவுதான். பழைய பல்லோடு புதுப் பல் சேர்ந்தால் ஊளைதான். சர்க்ளிப்புகளைப் பழையதையே திரும்பப் போட வேண்டாம், வாஷர்கள் எந்த வரிசையில் வந்ததோ அதே வரிசையில் போக வேண்டும்.

சோக்

கிராங்க்கேஸில் பேரிங் உட்காரும் இடம் தேய்ந்து ஷாஃப்ட்டுகள் விலகினால்?

பல்சக்கரம்

20 டிகிரி அழுத்தக் கோணம் உள்ள பல்லில், மையங்கள் 0.1 மி.மீ. விலகினால் இடுக்கு சுமார் 0.07 மி.மீ. கூடும். கியர் பல்லின் இன்வலூட் வளைவுக்கு ஒரு நல்ல குணம், மையம் கொஞ்சம் தள்ளினாலும் வேக விகிதம் மாறாது. அதனால் முதலில் கூடுவது கடகடதான், "உய்ங்" அல்ல. ரொம்ப விலகினால் ஒரே நேரத்தில் தொடும் பற்கள் குறைந்து அதுவும் வரும்.

பின்னிருக்கை

அலைவரிசை, பதிவு செய்து பார்த்தேன். ஐந்தாவதில் பெரிய மேடு 340 பக்கம். அதே வேகத்தில் நான்காவதிலும் 340 பக்கம்தான். 560இல் ஒரு சின்ன மேடு இருக்கிறது, நான்காவதில் அது 600க்கு நகர்ந்துவிட்டது. 1400இல் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. பக்கவாட்டு மேடுகள் எதுவும் கண்ணில் படவில்லை.

அலைவரிசை

அப்படியென்றால் ஐந்தாவது கியர் நிரபராதி. 560இல் இருக்கும் சின்ன மேடுதான் அதன் இயல்பான குரல். பெரியது செயின் முன் ஸ்ப்ராக்கெட்டில் விழும் சத்தம். இனி கரிச்சட்டை அண்ணன் வசம்.

கரிச்சட்டை

முதல் பதிவிலேயே செயின் செட் மாற்றியதைச் சொல்லிவிட்டு சம்பந்தம் இருக்காது என்றும் எழுதியிருந்தீர்கள்! சரி, இன்ஜினை அணைத்துவிட்டு, சாவியைக் கையில் எடுத்துவிட்டு இவற்றைப் பாருங்கள். ஓடும் செயின் பக்கம் துணியோ விரலோ போகக்கூடாது. ஸ்ப்ராக்கெட்டுக்கும் செயினுக்கும் நடுவில் போன விரல் திரும்பாது.

செயின் தொய்வை முதலில் கையேட்டில் சொன்ன ஸ்டாண்டில் நிறுத்தி அளங்கள். பல வண்டிகளுக்கு 20 முதல் 30 மி.மீ. வரை இருக்கும், உங்களுடையதைப் பார்த்துக்கொள்ளுங்கள். சக்கரத்தைச் சுற்றிச் சுற்றிப் பல இடங்களில் அளக்க வேண்டும், இருப்பதிலேயே இறுக்கமான இடத்தைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். அப்புறம் இரண்டு பேரை உட்கார வைத்து மறுபடி பாருங்கள். முன் ஸ்ப்ராக்கெட், ஸ்விங் ஆர்ம் அச்சு, பின் அச்சு மூன்றும் ஒரே நேர்கோட்டுக்கு வரும்போதுதான் செயின் அதிகபட்சமாக இறுகும். வெறும் வண்டியில் கச்சிதமாகத் தெரிவது ஆள் ஏறியதும் கம்பியாகிவிடும். பின்னால் ஆள் உட்கார்ந்தால் சத்தம் கூடுகிறது என்று நீங்கள் எழுதியபோதே எனக்கு அந்தச் சந்தேகம்தான். இறுகிய செயின் ஊளையிடுவதோடு நிற்காது, ஸ்ப்ராக்கெட் ஷாஃப்ட் பேரிங்கையும் சேர்த்துக் கொல்லும்.

முன் ஸ்ப்ராக்கெட் கவரைக் கழற்றிச் செயினை இறக்குங்கள். நியூட்ரலில் ஷாஃப்ட்டைக் கையால் சுற்றுங்கள், மணல் மாதிரி நெருடக்கூடாது. ஸ்ப்ராக்கெட்டை மேலும் கீழும் ஆட்டினால் கைக்குத் தெரிகிற ஆட்டம் இருக்கக்கூடாது. தகட்டால் பிடித்திருக்கும் ஸ்ப்ராக்கெட், ஷாஃப்ட் மேல் உள்ளும் புறமும் லேசாக நகரும், அது இயல்பு, அதைப் பார்த்துப் பதற வேண்டாம்.

கடைசியாக முக்கியமானது. கழற்றிய பழைய முன் ஸ்ப்ராக்கெட் இருந்தால் எடுத்துப் பாருங்கள். பல வண்டிகளில் கம்பெனி ஸ்ப்ராக்கெட்டின் இரு பக்கமும் ரப்பர் வளையம் ஒட்டியிருக்கும். செயின் தகடுகள் அதில் உட்கார்ந்து சத்தத்தை விழுங்கும். வெளியில் கிடைக்கும் வெறும் எஃகு ஸ்ப்ராக்கெட் அளவில் சரியாகப் பொருந்தும், பல்லும் அதே எண்ணிக்கை, ஆனால் ரப்பர் இருக்காது.

சக்கரத்தை நேராக்கும்போது ஸ்விங் ஆர்மில் உள்ள கோடுகளை மட்டும் நம்பாதீர்கள். ஸ்விங் ஆர்ம் அச்சின் மையத்திலிருந்து பின் அச்சின் மையம் வரை இரு பக்கமும் டேப்பால் அளங்கள். அப்படியே பின் ஹப்பில் கப்ளிங் ரப்பரையும் பாருங்கள், அது மசிந்துபோனால் ஆக்சிலேட்டரைப் பிடித்து விடும்போதெல்லாம் "டொக்" கேட்கும்.

அடுத்த ஆயில் மாற்றத்தின்போது டிரெயின் போல்ட்டின் காந்தத்தையும் பாருங்கள். சாம்பல் நிறத்தில் மை மாதிரி பசை இருந்தால் இயல்பு. நகத்தில் நெருடும் செதில், ஊசி மாதிரித் துண்டு, பொன்னிறப் பொடி, இவை எதுவும் வரக்கூடாது. பொன்னிறம் என்றால் புஷ்; அது காந்தத்தில் ஒட்டாது, ஆயிலை வெள்ளைத் துணியில் வடிகட்டினால்தான் தெரியும்.

பின்னிருக்கை

எல்லாம் பார்த்தாயிற்று. வெறும் வண்டியில் தொய்வு 15 மி.மீ.தான், இருவர் உட்கார்ந்தால் செயின் அசையவே இல்லை. ஷாஃப்ட் வழுவழுவென்று சுற்றுகிறது, ஆட்டம் இல்லை. பழைய ஸ்ப்ராக்கெட் மூட்டையில் கிடந்தது, அண்ணன் சொன்னபடி இரு பக்கமும் ரப்பர் வளையம். புதியதில் இல்லை. காந்தத்தில் பசை மட்டும்.

தொய்வை 25க்கு வைத்ததும் நியூட்ரலில் உருளும்போது வந்த சத்தம் அடங்கிவிட்டது. ஐந்தாவதில் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. ரப்பர் வைத்த ஸ்ப்ராக்கெட் வரவழைத்திருக்கிறேன்.

பல்சக்கரம்

நல்லது. பேரிங் நன்றாக இருக்கும்போதே பிடித்துவிட்டீர்கள். என்றைக்காவது அதை மாற்ற நேர்ந்தால் எண்ணை மட்டும் பார்த்து வாங்க வேண்டாம், பின்னால் சி3 என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். சூடாகும் இடத்துக்குக் கூடுதல் உள்ளிடைவெளி வைத்த வகை அது. சி3 வைத்த இடத்தில் சாதாரணதைப் போட்டால் சூட்டில் இறுகி, புது பேரிங்கே ஊளையிடும்.

லேஷாஃப்ட்

பழைய வண்டிக்காரர்களுக்காக ஒன்று. கியர்பாக்ஸ் தனிப்பெட்டியாக இருக்கும் பழைய பிரிட்டிஷ் பாணி வண்டிகளில் டாப் கியர் நேரடி. மெயின் ஷாஃப்ட்டும் ஸ்ப்ராக்கெட்டும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும், லே ஷாஃப்ட்டுக்கு (அதற்கு இணையாகச் சுற்றும் துணை ஷாஃப்ட்) சுமையே இல்லை. மற்ற கியர்களில் ஊளையிட்டு டாப்பில் அமைதியானால் லே ஷாஃப்ட்டின் புஷ்ஷையும் கியர்களையும் பாருங்கள். மேலே சொன்ன கணக்கை அந்த வண்டிகளுக்கு அப்படியே போட முடியாது.

நியூட்ரல்

கரிச்சட்டை அண்ணே, கார்புரேட்டர் சமன் செய்து ஐட்லிங்கை 1300க்கு ஏற்றியதில் கடகட முக்கால்வாசி போய்விட்டது. மிச்சத்துக்குக் கவரைத் திறக்கணுமா?

கரிச்சட்டை

வேண்டாம். அடுத்து கிளட்ச் பிளேட் மாற்றத் திறக்கும்போது பாஸ்கெட்டைத் திருகிப் பாருங்கள், போதும். அதுவரை சத்தம் கூடுகிறதா என்று மட்டும் கவனியுங்கள்.

பின்னிருக்கை

ஸ்ப்ராக்கெட் வந்து மாட்டியாயிற்று. 340இல் இருந்த மேடு இப்போது 560ஐ விடச் சின்னது. மலையேற்றத்தில் ஆக்சிலேட்டரை முறுக்கினால் மட்டும் ஐந்தாவது லேசாக முனகுகிறது, அதை விட்டுவிட்டேன். பட்டறையில் கியர் செட்டுக்குச் சொல்லி வைத்திருந்ததையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

கரிச்சட்டை

புது செயின் முதலில் கொஞ்சம் நீளும் தம்பி. சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் தொய்வை மறுபடி அளந்துவிடுங்கள், இருவர் உட்கார்ந்தபடியும்.